எல்லையோர முதியோரும் அரசு மருத்துவக் காப்பீடும்: செலவைக் கட்டுக்குள் வைக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளை, செங்கோட்டை, கூடலூர், வாளையாறு போன்ற எல்லை ஊர்களில் இருப்பவர்களுக்கும், இடுக்கித் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் வாழும் தமிழர்களுக்குமாக எழுதப்பட்ட பக்கம் இது. இங்கே வீடு ஒரு மாநிலத்திலும் ஆஸ்பத்திரி இன்னொரு மாநிலத்திலும் இருப்பது சாதாரணம். வயதானவர்களின் காப்பீட்டுப் பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

காப்பீட்டுக்கு நாங்கள் ஒரு பைசாவும் கட்டவில்லை. அதன் செலவைப் பற்றி நாங்கள் ஏன் யோசிக்க வேண்டும்?

கட்டுவது நீங்கள் அல்ல என்றாலும் தீர்ந்துபோவது உங்கள் பங்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் என்று 2022இல் தமிழ்நாடு அரசு ஒப்பந்தம் போட்டது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 1,052 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, அதில் 60 சதவீதமான 631 ரூபாய் 20 காசைத்தான் மத்திய அரசு மாநிலத்துக்குத் தருகிறது. வீட்டில் 30 வயதுக்காரர்கள் மட்டும் இருந்தாலும் 75 வயதுத் தாத்தா பாட்டி இருந்தாலும் இதே தொகைதான்.

2021க்கான மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தவர்கள் கேரளத்தில் 16.5 சதவீதம், தமிழ்நாட்டில் 13.6 சதவீதம்; நாட்டிலேயே முதலிரண்டு இடங்கள். கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், தலைக்கு வரும் பணம் அதே வேகத்தில் கூடவில்லை. கணக்கு இடிக்கும்போது மருத்துவமனைகளுக்குப் பாக்கி சேர்கிறது, தனியார் மருத்துவமனைகள் திட்டத்திலிருந்து விலகுகின்றன. கேரளத்தில் இது நடந்திருக்கிறது. அப்புறம் கையில் அட்டை இருக்கும், பக்கத்தில் அதை வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரி இருக்காது.

எங்கள் வீட்டில் இருப்பது எந்தத் திட்டத்தின் அட்டை? எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாவற்றுக்கும் முதலில் தெரிய வேண்டியது இதுதான். தமிழ்நாட்டுத் திட்டத்தில் இரண்டு வகைக் குடும்பங்கள் கலந்திருக்கின்றன. ஒரு வகை, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலிலும் இருப்பவை. அவற்றுக்கான பணத்தை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. இன்னொரு வகை, மாநில அரசு மட்டுமே செலவு செய்து சேர்த்தவை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்த இரண்டாவது வகையில் சேரலாம். தமிழ்நாட்டுக்குள் சிகிச்சை பெறும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லை தாண்டினால்தான் தெரியும்.

1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் குடும்ப அட்டை எண்ணைச் சொல்லி இரண்டு விஷயம் கேளுங்கள்: எங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா, மத்திய அரசுப் பட்டியலிலும் இருக்கிறோமா. இரண்டாவதை ஆயுஷ்மான் பாரத்தின் 14555 எண்ணிலும் சரிபார்க்கலாம். கேரளத்தில் இருப்பது காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி. 2020 ஜூலை முதல் அதை இன்சூரன்ஸ் கம்பெனி இல்லாமல் மாநில சுகாதார முகமையே நேரடியாக நடத்துகிறது. அதன் பட்டியலில் பெயர் இல்லாத, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குக் காருண்ய பெனவலண்ட் நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் கிடைப்பது ஒருமுறை உதவி: 2 லட்சம் வரை, சிறுநீரக நோய்க்கு 3 லட்சம் வரை.

தோட்டத்தில் வேலை முடிந்து லயத்தை (எஸ்டேட் குடியிருப்பை) காலிசெய்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். எந்த மாநிலத்தில் பதிவு செய்வது?

வண்டிப்பெரியாறு, மூணாறு, பீர்மேடு பக்கம் 35, 40 வருடம் கொழுந்து பறித்தவர்கள் ஓய்வு பெற்றதும் கம்பம், உத்தமபாளையம், சங்கரன்கோவில் என்று பிள்ளைகள் இருக்கும் ஊருக்கு வருகிறார்கள். வேலையில் இருந்தவரை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி எஸ்டேட் ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது. வேலை முடிந்த நாளோடு அதுவும் முடிகிறது. நோய் கூடுகிற வயதில் கையில் எதுவும் இல்லாமல் போகிறது.

வழி இது. நிரந்தரமாகத் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டால் கேரள ரேஷன் அட்டையிலிருந்து பெயரை நீக்கி அதற்கான சான்றை வாங்குங்கள். கேரள அரசின் சேவை மையமான அட்சயா மையத்தில் விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றோடு இ-சேவை மையத்தில் மகனின் அல்லது மகளின் குடும்ப அட்டையில் சேருங்கள், அல்லது தனி அட்டை வாங்குங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று. அதையும் ஆதாரையும் குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். பயோமெட்ரிக் எடுப்பதால் பெரியவர்களே நேரில் வர வேண்டியிருக்கும்.

இதில் அவசரப்படக்கூடாத இடம் ஒன்று உண்டு. கோட்டயத்திலோ திருவனந்தபுரத்திலோ கீமோதெரபி பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது கேரள அட்டையை ஒப்படைத்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு முன்ஒப்புதல் (சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுத் தரப்பு தரும் சம்மதம்) கிடைக்காமல் நிற்க நேரும். சிகிச்சைச் சுற்றை முடித்துக்கொண்டு மாறுங்கள். அதற்காக இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்துக்கொள்ளவும் கூடாது. ஆதார் ஒன்றுதான் என்பதால் இரட்டைப் பதிவு ஒரு நாள் தட்டுப்படும், இரண்டும் சேர்ந்து முடங்கும்.

‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ இருக்கிறதே, காப்பீடும் அப்படித்தானே?

இல்லை. அது அரிசி, கோதுமைக்கு மட்டும்.

தமிழ்நாட்டு அட்டையோடு கேரள மருத்துவமனைக்குப் போகலாமா?

மத்திய அரசுப் பட்டியலில் இருக்கும் குடும்பம் என்றால் நாட்டில் எந்த மாநிலத்திலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், சேர்க்கைச் சிகிச்சைக்கு (உள்நோயாளியாகச் சேர்ந்து பெறுவது) போகலாம். மாநில அரசின் செலவில் மட்டும் சேர்ந்த குடும்பமாக இருந்தால் இந்த வசதி இருக்கிறது என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

முதல் வகையாக இருந்தாலும் மூன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த மருத்துவமனை திட்டத்தில் இப்போது இருக்கிறதா? உங்களுக்கு வேண்டிய சிகிச்சைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? வெளிமாநில அட்டையை ஏற்கிறார்களா? எலும்பு முறிவுக்கு மட்டும் சேர்ந்த ஆஸ்பத்திரி இதய நோய்க்கு அட்டையை வாங்காது. மூன்றாவது கேள்விக்குக் காரணம் பணம் வரும் வேகம்: சொந்த மாநில நோயாளிக்கு 15 நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும், வெளிமாநில நோயாளிக்கு 30 நாள் என்பது விதி. அதனால் சில இடங்களில் ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்று தட்டிக்கழிப்பார்கள். அங்கே நின்று வாதாடுவதைவிட அந்த மேசையிலிருந்தே 14555க்குப் போன் செய்யுங்கள்.

எங்கள் கருத்து: மாரடைப்பு, பக்கவாதம் என்றால் எது அருகிலோ அங்கே, எந்த மாநிலம் என்று பார்க்கவே வேண்டாம். கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போல நாள் குறித்துச் செய்பவற்றுக்குச் சொந்த மாநிலமே நல்லது. ஆசாரிப்பள்ளம், தேனி கானாவிலக்கு, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரிகளில் இவை நடக்கின்றன. அங்கே போனால் போக்குவரத்துக்கும் துணைக்கு நிற்பவரின் தங்கலுக்கும் ஆகும் செலவு மிஞ்சும். அந்தச் செலவை எந்தக் காப்பீடும் தருவதில்லை.

70 வயதானால் வருமானம் பார்க்காமல் அட்டை தருகிறார்களாமே?

ஆம். ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை. மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பர் 11இல் ஒப்புதல் தந்து, அக்டோபர் 29இல் தொடங்கியது. 70 வயது நிறைந்த யாரும் சேரலாம். வருமான வரம்பு இல்லை. ஏற்கெனவே திட்டத்தில் இருக்கும் குடும்பத்தின் முதியவருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் தனியாகக் கூடுகிறது, அதை இளையவர்களுக்குச் செலவிட முடியாது. வீட்டில் 70 கடந்தவர்கள் இருவர் இருந்தால் அந்த 5 லட்சத்தை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. பெறுபவர்களும் சேரத் தடையில்லை. மத்திய அரசு ஊழியர் திட்டம், முன்னாள் படைவீரர் திட்டம் போன்ற அரசு மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயதுக்கு ஆதாரே சான்று. ஆதாரில் வயதைக் குறைத்துப் பதிந்திருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு தடவைதான் திருத்த விடுவார்கள் என்பதால் சரியான ஆவணத்தோடு போங்கள். இந்த அட்டை கையில் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் சேர்க்கைக்குப் போய் நிற்க வேண்டாம். போக நினைக்கும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எண்ணைக் கொடுத்து, அங்கே ஏற்பார்களா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

5 லட்சம் என்பது ஆளுக்கா, குடும்பத்துக்கா? டயாலிசிஸ் செய்தால் எவ்வளவு மிஞ்சும்?

குடும்பத்துக்கு, ஓர் ஆண்டுக்கு. செலவழிக்காத பாக்கி அடுத்த ஆண்டுக்குச் சேராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவை டயாலிசிஸுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 104 தடவை, 1,56,000 ரூபாய். வாரம் மூன்று என்றால் 156 தடவை, 2,34,000 ரூபாய். பாதிக்கு மேல் மிஞ்சுகிறதே என்று தோன்றும். ஆனால் டயாலிசிஸ் செய்பவருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை நோய்த்தொற்றால் சேர்க்கை வரும், கையில் டயாலிசிஸ் ஊசிக்காகச் செய்த ரத்தக்குழாய் இணைப்பு (ஃபிஸ்டுலா) அடைத்துக்கொண்டால் மறுபடி அறுவை செய்ய வேண்டும். அதே வீட்டில் இன்னொருவருக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் தேவைப்பட்டால் ஆண்டு முடியும்முன் தொகை தட்டிவிடும். நீண்ட நாள் நடக்கும் சிகிச்சையை அரசு மருத்துவமனையில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அங்கே தொகை தீர்ந்தாலும் ஊசியைக் கழற்றி வெளியே அனுப்பமாட்டார்கள்.

ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் ‘எவ்வளவு கிளெய்ம் போட்டீர்கள், பாக்கி எவ்வளவு?’ என்று கேட்டு டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றியதற்கு ஐ.சி.யூ. பேக்கேஜ் (ஒரு சிகிச்சைக்கு மொத்தமாக நிர்ணயித்த தொகை) போட்டிருந்தால் அப்போதுதான் தெரியும்.

சேர்க்கைக்கு முன்னால் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போதும். மேலே காப்பீட்டு அட்டை நகல், அதன் கீழ் ஆதார், குடும்ப அட்டை, கடைசி டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய இசிஜியும் எக்கோவும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். அட்டையோடு இணைந்த செல்போனும் கூட வர வேண்டும். அந்த நம்பர் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருந்தால் ஓ.டி.பி. அங்கே போய் விழும். அவர் ஷிப்டில் இருப்பார், மேசையில் நேரம் கடந்துவிடும்.

போனவுடன் போக வேண்டியது பில் கவுண்டருக்கு அல்ல, காப்பீட்டு மேசைக்கு. கேரளத்திலும் ஆயுஷ்மான் மருத்துவமனைகளிலும் ‘ஆரோக்ய மித்ரா’ என்பார்கள், தமிழ்நாட்டில் லையசன் ஆபீசர் இருப்பார். அடையாளம் சரிபார்ப்பு, டாக்டர் எழுதிய பேக்கேஜ், முன்ஒப்புதல், பிறகு சேர்க்கை என்பதுதான் வரிசை. முன்ஒப்புதலுக்குப் பொதுவாகச் சில மணி நேரம் பிடிக்கும். அவசரம் என்றால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஒப்புதல் வாங்கலாம், ஆனால் அட்டை இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்புதல் தள்ளிப்போவதற்குப் பெரிய காரணம் பெயர். தமிழ்நாட்டு ஆவணத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், கேரள ஆவணத்தில் வீட்டுப் பெயரோ முதலெழுத்தோ பின்னால். ஒன்றில் ‘முத்தம்மாள்’, இன்னொன்றில் ‘முத்தம்மா’. நோய் வருவதற்கு முன்பே, நல்ல நாளில், ஆதாரில் இருப்பதுபோல மற்றதையெல்லாம் மாற்றிவிடுங்கள்.

அம்மாவுக்குக் கைரேகையே விழமாட்டேன் என்கிறது.

கொழுந்து பறித்த விரல், முந்திரி உடைத்த விரல், கயிறு திரித்த விரல் எல்லாம் இப்படித்தான். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, கோடே தெரியாமல் வழவழவென்று இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து, துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி வழித்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். பெருவிரல் விழாவிட்டால் மோதிர விரலை வையுங்கள், அது அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. அதுவும் ஆகாவிட்டால் ஓ.டி.பி., கருவிழி, முகச் சரிபார்ப்பு என்று வழிகள் உண்டு. ‘ரேகை விழவில்லை, பணம் கட்டுங்கள்’ என்பது ஏற்கத்தக்க பதில் அல்ல.

அட்டை இருந்தும் ‘நல்ல ஸ்டென்ட் வேண்டுமானால் தனியாகக் கட்டுங்கள்’ என்கிறார்கள்.

கட்டாதீர்கள். பேக்கேஜ் என்பது படுக்கை, டாக்டர், பரிசோதனை, மருந்து, சாப்பாடு, உள்ளே வைக்கும் கருவி எல்லாம் சேர்ந்தது. ஆயுஷ்மான் விதியில் சேர்க்கைக்கு முந்தைய 3 நாள் செலவும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்தும் அதில் அடக்கம். இந்த 15 நாள் மருந்தைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு.

கருவி விலையில் அரசு ஏற்கெனவே கை வைத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவிலை வைத்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டி விற்றது அது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மாற்றுக்கான கோபால்ட் குரோமியக் கருவிக்கு 54,720 ரூபாய் என்று வைத்தது. அவ்வப்போது இந்த விலைகளைத் திருத்துகிறார்கள். முதியோர் காப்பீட்டுச் செலவை ஒரே அடியில் இறக்கிய நடவடிக்கை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். நோயாளியிடமிருந்து எதையும் பிடுங்காமல் செலவைக் குறைத்தது இது.

பணம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். தந்தால் அதோடு 14555க்கோ 1800 425 3993க்கோ புகார் செய்யுங்கள். கலெக்டர் தலைமையில் மாவட்டக் குறைதீர் குழுவும் உண்டு.

தெரியாமல் பணம் கட்டிச் சிகிச்சை முடித்துவிட்டோம். பில்லைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. இவை பணமில்லாச் சிகிச்சைத் திட்டங்கள். பில் வாங்கிப் பணம் தரும் திட்டங்கள் அல்ல.

மாதா மாதம் மாத்திரைக்கே 3,000 ஆகிறது. அதற்கு அட்டை உதவாதா?

உதவாது. புறநோயாளிச் செலவு இந்தத் திட்டங்களில் இல்லை. ஆனால் முதியோர் காப்பீட்டுச் செலவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. மாத்திரை வாங்கக் காசில்லாமல் பத்து நாள் விட்ட பிரஷர்தான் ஆறு மாதம் கழித்துப் பக்கவாதமாக வந்து லட்சங்களைத் தின்கிறது.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. பெயர் பதியாவிட்டால் துணை சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் சொன்னால் போதும். கேரளத்தில் நகராட்சிப் பகுதிகளில் 65 கடந்தவர்களுக்கு வயோமித்ரம் நடமாடும் கிளினிக் இலவச மருந்து தருகிறது. விலைக்கு வாங்க வேண்டியவற்றுக்கு மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 முதல் தமிழ்நாடு முழுவதும் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் வந்துவிட்டன. டாக்டர் பிராண்டு பெயர் எழுதினால் ‘மருந்தின் பெயரையும் எழுதுங்கள் சார்’ என்று கேளுங்கள். டெல்மிசார்டன் 40, மெட்ஃபார்மின் 500 என்று இருந்தால்தான் அங்கே எடுத்துத் தருவார்கள்.

அப்பா இங்கே ஒரு டாக்டர், அங்கே ஒரு டாக்டர் என்று பார்க்கிறார். பரவாயில்லையா?

எல்லையோரத்துக்கே உரிய ஆபத்து இது. தேனியில் ஒரு சீட்டு, கட்டப்பனையில் ஒரு சீட்டு. மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி, பெரிய எழுத்துப் பிராண்டு பெயரை விட்டுவிட்டுக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். பச்சை அட்டையிலும் வெள்ளி அட்டையிலும் ‘அம்லோடிபின் 5’ என்றே இருக்கும். ஐயா காலையில் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பார். கால் வீங்கும், எழுந்து நின்றால் கண் இருட்டும், குளியலறையில் விழுவார், இடுப்பெலும்பு முறியும். அதற்கு ஓர் அறுவை, இரண்டு வாரப் படுக்கை.

கிளிமெபிரைடு சுகர் மாத்திரை இரட்டிப்பானால் இன்னும் மோசம். விடியற்காலை சுகர் இறங்கி நினைவிழந்து ஐ.சி.யூ.வுக்குப் போவார்கள். வலி மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்தைக் கெடுத்து டயாலிசிஸில் கொண்டு விடும். ஒரு நோட்டில் மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் எழுதி, எந்த மாநில டாக்டரிடம் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். பட்டியலைத் திருத்தும் பொறுப்பு ஒரு டாக்டரிடமே இருக்கட்டும்.

வேறு எதைத் தடுக்க முடியும்?

சர்க்கரைப் புண். தினமும் இரவு பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். விரலிடுக்கில் ஈரம், நிறம் மாறிய இடம், காய்ப்பு ஏதேனும் தெரிந்தால் மறுநாளே காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு மிருதுவான ரப்பர் அடித்தளம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு. வெறுங்காலோடு மலையேறும் வேண்டுதல் வேண்டாம், சாமி கோபித்துக்கொள்ளாது. கால் விரல் எடுப்பதில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ் எடுக்கும் வரை ஒரே ஆண்டில் மூன்று நான்கு சேர்க்கை ஆகும் நோய் இது.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, இரவில் ஒரு சின்ன விளக்கு.

சாலை விபத்து எல்லையில் நடந்தால்?

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காயம்பட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை, காப்பீட்டு அட்டையும் வேண்டாம். 2021 டிசம்பரில் 1 லட்ச ரூபாய் வரம்போடு தொடங்கியது, பின்னர் 2 லட்சமாக உயர்ந்தது. ஆகவே அந்த 48 மணி நேரத்துக்கு உங்கள் 5 லட்சத்தைத் தொட விடாதீர்கள்.

முந்திரி ஆபீஸிலோ (முந்திரி உடைக்கும் ஆலை) மில்லிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு?

இ.எஸ்.ஐ.யை மறந்துவிடுகிறார்கள். குறைந்தது 5 ஆண்டு இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்ட வேலையிலிருந்து வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தமக்கும் வாழ்க்கைத்துணைக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். மாதத்துக்குப் பத்து ரூபாய். புறநோயாளி மருந்தும் இதில் வரும் என்பதால் மேலே சொன்ன மாத்திரைச் செலவுக்கும் விடை கிடைக்கிறது. கொல்லம், கன்னியாகுமரி முந்திரித் தொழிலாளிகளும் ராஜபாளையம் மில் தொழிலாளிகளும் பழைய இ.எஸ்.ஐ. எண்ணோடு கிளை அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

மோசடி என்று பேப்பரில் வருகிறதே, அதற்கும் எங்களுக்கும் என்ன?

ஆயுஷ்மான் பாரத் பற்றிய கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் பதியப்பட்டிருந்ததையும், தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள் இருந்ததையும், இறந்துவிட்டதாகப் பதிவான நோயாளிகளின் பெயரில் சிகிச்சைக்குப் பணம் போனதையும் அது எடுத்துக் காட்டியது. அடையாளம் பார்க்கச் செல்போன் எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் தந்தது. ஆனால் போலி நம்பர் போட்ட அட்டையில் பணம் எடுக்கப்பட்டால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வராது. உங்கள் நம்பரைக் கொடுங்கள். ‘இலவசக் கண் முகாம்’ என்று வேன் வந்து அட்டையை வாங்கிக்கொண்டால், எந்த மருத்துவமனை, என்ன சிகிச்சை என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் ரேகை வைக்காதீர்கள்.

பேக்கேஜ் விலையை இன்னும் குறைத்தால் அரசுக்கு மிச்சம்தானே?

ஓர் அளவுக்கு மேல் குறைத்தால் மிச்சமாகாது. விலை கட்டுப்படியாகாத சிகிச்சைக்கு மருத்துவமனை மூன்றில் ஒன்றைச் செய்யும்: படுக்கை இல்லை என்று சொல்லும், நோயாளியிடம் தனியாக வாங்கும், அல்லது விலை கூடிய வேறு பேக்கேஜாக எழுதும். மூன்றிலும் இழப்பு முதியவருக்கே. நியாயமான விலை வைத்து, அதைச் சொன்ன நாளில் கொடுப்பதுதான் மலிவு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைக்காமல், முதியோர் கூடிய மாநிலங்களுக்குக் கூடுதலாக மத்தியப் பங்கு தர வேண்டும் என்பதும் எங்கள் கருத்து. அரசு மருத்துவமனைக்கு வரும் காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனையின் வசதிக்கே திரும்பச் செலவாகிறது என்பதால், அங்கே நீங்கள் செய்துகொள்ளும் அறுவைக்கான பணம் அடுத்த நோயாளிக்கு மானிட்டராகவோ படுக்கையாகவோ ஆகக்கூடும்.

இதோடு தனியார் பாலிசியும் எடுக்க வேண்டுமா?

முடிந்தால் சூப்பர் டாப்-அப் பாலிசி எடுக்கலாம். முதல் 5 லட்சத்துக்கு மேல் போகும் செலவை மட்டும் ஏற்பதால் பிரீமியம் குறைவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 60 கடந்தவர்களின் பிரீமியத்தை முன்ஆலோசனை இல்லாமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது.

குணமாகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனாலும் மூச்சுத் திணறும்போதெல்லாம் ஐ.சி.யூ.வுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வேறு வழி?

இருக்கிறது, அதைக் கேட்பது பாசக் குறைவல்ல. கடைசி மாதங்களில் ஆகும் செலவில் பெரும்பகுதி வலியைக்கூடக் குறைப்பதில்லை. காப்பீடு தீர்ந்து, நகையும் அடகுக்குப் போய், பெரியவர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தனியாகக் கிடக்கிறார். கேரளம் 2008இலேயே வலிதணிப்புச் சிகிச்சைக்குக் கொள்கை வகுத்தது. அங்கே பஞ்சாயத்துகளின் பாலியேட்டிவ் நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணைக் கட்டி, சிறுநீர்க் குழாய் மாற்றி, உடன் இருப்பவருக்கும் சொல்லித் தருகிறார். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவக் குழுவில் வட்டாரத்துக்கு ஒரு வலிதணிப்புச் செவிலியர் இருக்கிறார். புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மாத்திரை உண்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள். மூச்சுத் திணறலையும் மருந்தால் தணிக்க முடியும்.

கேட்க வேண்டிய இடம்: கேரளத்தில் உங்கள் பஞ்சாயத்தின் ஆரம்ப சுகாதார மையம், அல்லது ‘திசா’ உதவி எண் 1056. தமிழ்நாட்டில் வட்டார ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது 104. போன் செய்யும்போது நோயின் பெயர், எழுந்து நடக்கிறாரா, என்ன வலி, எந்த ஊர் என்ற நான்கையும் சொல்லுங்கள்.